மண்ணெண்ணெயா, கரண்டா, வெயிலா? தோட்டக் கிணற்றுக்கு எந்த இறைப்பு நல்லது

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எட்டுப் பரப்புத் தோட்டக்காணி வைத்திருக்கும் ஒரு தம்பி போன மாதம் கேட்டார்: "அண்ணை, அப்பாவின்ர மெசின் கைவிட்டிட்டுது. புதுசா மண்ணெண்ணெய் மெசினே எடுக்கட்டோ, கரண்ட் மோட்டர் பூட்டட்டோ? சோலார் போடச் சொல்லியும் சனம் சொல்லுது." நீர்வேலியிலிருந்தும் அச்சுவேலியிலிருந்தும் இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் கேட்டால் அவரிடம் இருப்பதைத்தான் நல்லது என்பார். பக்கத்துத் தோட்டக்காரர் தான் வாங்கியதை நல்லது என்பார். இரண்டும் பொய்யில்லை, ஆனால் உங்கள் கிணற்றுக்கும் உங்கள் பயிருக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதோடு, எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது எண்ணெய் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தோம். பழைய கார்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கள் வீட்டில் கழற்றி வைத்த துலாவை, கையால் தண்ணீர் இறைக்கிற அந்த மரத்தை, திரும்பக் கட்டினார்கள். அதன் பிறகு 2022 வந்தது. அப்போது எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் முழு நாடும் வரிசையில் நின்றது. ஆகவே இறைப்பு மெசின் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்பே "எண்ணெய் வராத நாளில் இது என்ன செய்யும்?" என்று கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, ஒரு நாள் தண்ணீருக்கு ஆகும் செலவு. இரண்டாவது, வாங்கிப் பூட்டும் செலவும், அது எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்பதும். மூன்றாவது, நம்பிக்கை: கப்பல் வராவிட்டால், கரண்ட் போனால், வெயில் இல்லாவிட்டால் பயிர் எத்தனை நாள் தாங்கும்? நான்காவது, பழுது: உள்ளூரில் யார் திருத்துவார், சாமான் கிடைக்குமா? ஐந்தாவது, கிணற்றுக்கு என்ன ஆகும்? கடைசி இரண்டையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. குறிப்பாகக் கிணற்றைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கணக்குக்கு ஒரு அளவு வேண்டும். எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். வெங்காயம் போன்ற பயிருக்குக் கோடையில், வாய்க்காலில் ஓடி வீணாவதையும் சேர்த்தால், நாளொன்றுக்குச் சராசரி 20,000 லீற்றர் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை இறைத்தாலும் சராசரி இதுதான். அதைச் சுமார் 10 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, ஒழுங்காக வேலை செய்கிற சின்ன மண்ணெண்ணெய் மெசினுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெய் போகும். கரண்ட் மோட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை போகும்.

ஆக, ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் கிட்டத்தட்ட இரண்டு யூனிட் கரண்டுக்குச் சமம். இதை மனதில் வைத்தால் போதும். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். இதை வாசிக்கிற நாளில் பெற்றோல் செட் பலகையில் என்ன விலையோ, உங்கள் கரண்ட் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலையோ, அதைப் போட்டுப் பாருங்கள்.

## கப்பலில் வருவது எது, வராதது எது

மூன்று வழிகளையும் தனித்தனியாகப் பார்க்கும் முன் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை என்ற அளவுகோல் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இலங்கையில் எண்ணெய்க் கிணறு ஒன்றும் இல்லை. மன்னார்க் கடற்படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள், ஆனால் இன்னும் ஒரு சிலிண்டர் அளவுகூட வெளியே வரவில்லை. நாட்டின் ஒரே சுத்திகரிப்பு நிலையம் சப்புகஸ்கந்தையில், 1969இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 50,000 பரல் அதன் கொள்ளளவு. நாட்டின் தேவையில் ஒரு பகுதியை மட்டுமே அது நிரப்பும், அதற்குத் தேவையான மசகெண்ணெயும் முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. மிச்சப் பெற்றோலும் டீசலும் சுத்திகரித்த நிலையிலேயே கப்பலில் வந்து இறங்குகின்றன. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, அவற்றில் பெரும்பகுதி நெடுங்காலம் காடு மண்டிக் கிடந்தது. தாங்கி இருந்தாலும் நிரப்ப டொலர் வேண்டுமே. ஈரானிடம் பட்ட எண்ணெய்க் கடனில் 25 கோடி டொலருக்குத் தேயிலை கொடுத்துத் தீர்ப்பதாக 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தோம். கையில் காசில்லாத வீடு அரிசிக் கடனுக்குத் தேங்காய் கொடுத்த மாதிரி.

மண்ணெண்ணெய் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அது பெரும்பாலும் அந்தச் சப்புகஸ்கந்தை நிலையத்திலேயே வடிக்கப்படுவது. விமான எரிபொருளும் கிட்டத்தட்ட அதே வடியலில்தான் கிடைக்கிறது. 2021 நவம்பரில் டொலர் இல்லாமல் நிலையத்தை மூடினார்கள், 2022இலும் விட்டு விட்டுத்தான் ஓடியது. 2022இன் அந்த மாதங்களில் பெற்றோல் செட் பலகையில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபா என்றே எழுதியிருந்தது. நாட்டிலேயே மலிவான எரிபொருள் அதுதான், ஆனால் பரலில் ஒரு துளியும் இல்லை. தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே வரிசையில் கானை வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவோடு விலை 340 ரூபாவாக ஏறியது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு, ஒரே இரவில்.

மாதத்துக்கு 30 லீற்றர் எரிக்கிற தோட்டத்துக்கு 2,610 ரூபாவாக இருந்த செலவு 10,200 ஆனது. வெங்காய விலை நான்கு மடங்கு ஏறவில்லை.

சரி, கரண்டுக்கு மாறினால் கப்பலிலிருந்து தப்பலாமா? அரைவாசிதான் தப்பலாம். நுரைச்சோலையில் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள் நிலக்கரியில் ஓடுகின்றன. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். நிலக்கரி முழுக்க இறக்குமதி, அதுவும் தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால் முன்கூட்டியே இறக்கிக் குவித்து வைக்க வேண்டும். மலைநாட்டில் மழை பெய்தால் நீர்மின், பெய்யாவிட்டால் எண்ணெய் எரிக்கும் நிலையங்கள். சுன்னாகத்தில் நிற்கிற உத்துரு ஜனனி மின் நிலையமும் எண்ணெயில் ஓடுவதுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்ததற்குக் காரணமும் அந்த எண்ணெய்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேட்டரை நம்பியே இருந்தவை. அங்கே காற்றும் வெயிலும் பற்றரியும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2022இல் உடன்பாடு ஆனது.

சோலார் பனலும் கப்பலில்தான் வருகிறது. ஆனால் ஒருமுறை வந்தால் இருபது வருடத்துக்கு மேல் திரும்ப வர வேண்டியதில்லை. எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது.

## மண்ணெண்ணெய் மெசின்

செலவு. வாங்குகிற விலை மூன்றிலும் குறைவு. ஓட்டுகிற செலவு மூன்றிலும் அதிகம். நான் மேலே சொன்ன ஒரு லீற்றர் கணக்கு நல்ல மெசினுக்கு. ரிங் தேய்ந்து, கார்பரேற்றர் அடைத்து, புகை கக்கிக்கொண்டு ஓடுகிற பழைய மெசின் ஒன்றரை, இரண்டு லீற்றர்கூடக் குடிக்கும். கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோலும் வேண்டும், அதைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். பெற்றோல் செட்டுக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிள் செலவையும் விட்டுவிடுகிறோம்.

நம்பிக்கை. கானில் எண்ணெய் இருக்கும்வரை இதைப்போல் நம்பிக்கையானது இல்லை. இரவோ பகலோ மழையோ, கயிற்றை இழுத்தால் ஓடும். எண்ணெய் இல்லாத நாளில் வெறும் இரும்பு.

பழுது. இதில்தான் இந்த மெசின் வெல்கிறது. ஒவ்வொரு சந்தியிலும் திருத்துகிறவர் இருக்கிறார், தோட்டக்காரர் பாதிப்பேருக்குத் தாங்களே பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரியும். தூக்கிக்கொண்டு இன்னொரு கிணற்றுக்கும் போகலாம். குத்தகைக் காணி செய்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மறைந்த செலவு. தரையில் வைத்த பம்பி எதுவானாலும் ஏழு மீற்றருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சத் திணறும். ஓகஸ்ட், செப்டெம்பரில் நீர் மட்டம் இறங்கியதும் சிலர் மெசினைக் கிணற்றுக்குள் படியில் இறக்கி வைத்து ஓட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மெசின் புகையில் மணமில்லாத நச்சுவாயு இருக்கிறது. அது கிணற்றுக்குள் தேங்கினால், இறங்குகிற ஆளுக்கு மயக்கம் வருவதே தெரியாது, காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் சேர்ந்து போவார். வெங்காயத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, கிணற்றுக் கட்டில் எண்ணெய்க் கானை வைத்து ஊற்றும்போது சிந்துவது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே சிந்தியது வெடிப்பு வழியே நேராகக் கீழே போகும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்து, மக்கள் குடிதண்ணீருக்கு பவுசரை எதிர்பார்த்து நின்றதை மறக்க முடியாது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பணத்தால் கிணறு கழுவப்படாது. உங்கள் கானிலிருந்து சிந்துவது அந்த அளவுக்கு இல்லைதான், ஆனால் போகிற இடம் அதேதான்.

எப்போது இதுதான் சரி. கரண்ட் கம்பி எட்டாத காணி, குத்தகைக் காணி, வருடத்தில் ஒரு போகம் மட்டும் செய்கிறவர், கிணறு மாற்றி மாற்றி இறைக்கிறவர். மூன்று அங்குலக் குழாயில் பெரிய காணிக்கு இறைக்கிறவர்கள் டீசலுக்குப் போவார்கள். அதன் நியாயமும் இதேதான், எண்ணெய் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், மெசின் பாரம் கூட.

## கரண்ட் மோட்டர்

செலவு. மோட்டர் விலை நடுத்தரம். ஓட்டுகிற செலவு மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எட்டுப் பரப்புக்கு மாதம் 60 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அந்த 60 யூனிட் எந்த மீற்றரில் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்து மோட்டரை ஓட்டினால், வீட்டுப் பாவனைக்கு மேலே இந்த அறுபதும் ஏறும். வீட்டுக் கட்டணம் படிப்படியாகக் கூடுவது. ஆகவே மோட்டரின் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லின் மேல்படி விலையில்தான் விழும். "கரண்ட் மலிவு எண்டு பூட்டினன், பில்லைப் பார்த்தால் தலை சுத்துது" என்று சொல்கிற பலரின் கதை இதுதான். தோட்டத்துக்குத் தனி இணைப்பு எடுக்க முடியுமா, எந்தக் கட்டண வகை, கம்பம் எத்தனை நட வேண்டும் என்று மோட்டர் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். கம்பம் இரண்டு மூன்று வேண்டுமென்றால் அந்தச் செலவு மோட்டர் விலையை விழுங்கிவிடும்.

நம்பிக்கை. 2022ஐத் தவிர்த்துப் பார்த்தால், நல்லது. யாழ்ப்பாணம் நீண்ட காலம் நாட்டின் மின் வலையமைப்புக்கு வெளியே இருந்தது. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதன் மறுபக்கம், தெற்கில் எங்கோ நடப்பது இப்போது எங்கள் தோட்டத்தையும் தொடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் என்று சொன்னார்கள், முழு நாடும் இருண்டது. ஒரு நாள் மின்வெட்டில் பயிர் சாகாது. ஒரு கிழமை என்றால், செம்மண்ணில் நின்ற வெங்காயம் தலை சாயும்.

பழுது. மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்தால் சுற்றிக் கொடுக்கிறவர் யாழ்ப்பாணத்தில் தாராளமாக இருக்கிறார். எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் ஓட்டுவது. கம்பியின் கடைசி முனையில் உள்ள காணிகளில், பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் வேளையில் மோட்டரைப் போடாதீர்கள். அதிகாலைதான் நல்லது. அழுத்தம் குறைந்தால் தானே நிறுத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்றை மோட்டரோடு சேர்த்துப் பூட்டினால், ஒருமுறை காயில் சுற்றும் காசு மிச்சம்.

மறைந்த செலவு. செப்புக் கம்பி திருட்டு. ஈரத் தரையில் பழைய வயரை ஒட்டுப்போட்டு இழுப்பது, அதனால் வரும் மரணங்கள். நல்ல வயர், மண் இணைப்பு, ட்ரிப் சுவிட்ச் இவற்றின் விலையையும் மோட்டர் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

எப்போது இதுதான் சரி. சொந்தக் காணி, கம்பி பக்கத்தில், வருடத்தில் ஏழெட்டு மாதம் இறைப்பு. வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரில் பெரும்பாலானோர் இதற்குள்தான் வருவார்கள்.

## சோலார் பம்பி

செலவு. பூட்டும் செலவு அதிகம், ஓட்டும் செலவு இல்லை. இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பனல், பம்பி, கட்டுப்பாட்டுப் பெட்டி, தாங்கி எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் வருடத்தில் எட்டு மாதம், மாதம் 30 லீற்றர் மண்ணெண்ணெய் எரிக்கிறவர், லீற்றர் 200 ரூபா என்றால் வருடம் 48,000 ரூபா மிச்சம். எட்டு வருடம் கடந்துதான் போட்ட காசு திரும்பும். லீற்றர் 340 என்ற 2022 விலையில் ஐந்து வருடத்தில் திரும்பும்.

இதே சோலாரை, ஏற்கனவே கரண்ட் மோட்டர் வைத்திருப்பவர் பூட்டினால்? மாதம் 60 யூனிட், எட்டு மாதம், 480 யூனிட். யூனிட் 40 ரூபா என்றே வைத்தாலும் வருடம் 19,200 ரூபாதான். இருபது வருடம் ஆகும். உங்களுக்குக் கிடைக்கிற விலைமனுவைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள், இலக்கம் மாறும், ஆனால் முடிவின் திசை பெரிதாக மாறாது. சோலார் மண்ணெண்ணெயை வெல்லும். கரண்டைக் காசுக் கணக்கில் வெல்வது கடினம்.

நம்பிக்கை. எங்கள் காலநிலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அப்போது வெயில் குறைவு, இறைப்பும் தேவையில்லை. வெயில் கொளுத்துகிற பங்குனி முதல் புரட்டாதி வரை தண்ணீரும் கூடத் தேவை, கரண்டும் கூடக் கிடைக்கும். கப்பலும் வரிசையும் இங்கே இல்லை. ஒரே குறை, நாங்கள் விடியற்காலையில் இறைத்துப் பழகியவர்கள், பனல் பத்து மணிக்குப் பிறகுதான் முழு வேகம் கொடுக்கும். கிணற்றடியில் பழைய தொட்டி இருந்தால் நல்லது, பகலில் நிரப்பிவிட்டுப் பின்னேரம் வாய்க்காலில் திறந்து விடலாம். தொட்டி இல்லாவிட்டால் அதைக் கட்டும் செலவையும் சேருங்கள்.

பழுது. பனல் இருபத்தைந்து வருடம் உழைக்கும் என்று உத்தரவாதம் தருவார்கள், அது பெரும்பாலும் உண்மைதான். கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்வளவு நாள் நிற்காது, இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். அதைத் திருத்துகிறவர் சந்தியில் இல்லை. பெட்டி பழுதாகிக் கொழும்புக்குப் போய்த் திரும்ப மூன்று கிழமை ஆனால் பயிர் என்ன செய்யும்? வாங்கும்போது இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பனலில் செம்மண் புழுதி படியும், கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று சட்டத்தை அரிக்கும், தென்னோலை நிழல் ஒரு பனலில் விழுந்தாலும் முழு வரிசையின் வேகமும் குறையும்.

மறைந்த செலவு. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மண்ணெண்ணெய் மெசின் ஓடும்போது காதில் சத்தம் கேட்கும், காசு எரிவது தெரியும், போதும் என்று நிறுத்துவோம். கரண்ட் பில்லும் மாதக் கடைசியில் கையைப் பிடிக்கும். சோலார் பம்பிக்குப் பிடிக்கிற கை இல்லை. வெயில் உள்ளவரை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், "சும்மாதானே ஓடுது" என்று விட்டுவிடுவோம்.

யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. எங்களுக்கு இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர் மட்டும், அதுவும் கடல் நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிற நன்னீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. உங்கள் கிணற்றுக்குக் கீழேயும் அதே கதை. மேலே உள்ளதை அளவுக்கு மீறி இழுத்தால் கீழே உள்ள உப்பு ஏறி வரும். வந்த உப்பைத் திரும்ப இறக்க நல்ல மழைக்காலங்கள் பல வேண்டும். எண்ணெயை இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவரலாம், கிணற்றுத் தண்ணீரை எந்தக் கப்பலும் கொண்டுவராது. ஆகவே சோலார் பூட்டுகிறவர் நேரம் வைத்து நிறுத்தும் சுவிட்சும், நீர் மட்டம் இறங்கினால் நிற்கும் உணரியும் கட்டாயம் பூட்ட வேண்டும். முடிந்தால் சொட்டு நீர்ப்பாசனமும்.

எப்போது இதுதான் சரி. கம்பி எட்டாத சொந்தக் காணி, தொட்டி உள்ள கிணறு, வருடம் முழுக்க மரக்கறி செய்கிறவர். தீவுப்பகுதியில் இருப்பவர்களுக்கு எண்ணெய்க் கானைப் படகில் கொண்டுபோகும் தொல்லையும் இல்லாமல் போகும்.

வீட்டுக் கூரையில் சோலார் போட்டு, மின் வலையமைப்புக்கு விற்று, அந்தக் கணக்கில் மோட்டரை ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசுக் கணக்கில் சரியாக வரலாம், ஆனால் வாங்கும் விலை அடிக்கடி மாறுகிறது. 2016இல் முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா என்று தொடங்கியது, பிறகு பலமுறை ஏறி இறங்கிவிட்டது. அதைவிட முக்கியம், சாதாரண கூரை சோலார், லைன் கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2022 மின்வெட்டில் கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். பற்றரியோடு சேர்ந்த அமைப்பு வேறு, அதன் விலையும் வேறு.

## ஒரே பார்வையில்

| | மண்ணெண்ணெய் மெசின் | கரண்ட் மோட்டர் | சோலார் பம்பி |
|---|---|---|---|
| வாங்கும் செலவு | குறைவு | நடுத்தரம், கம்பம் வேண்டுமென்றால் கூட | அதிகம் |
| எட்டுப் பரப்புக்கு ஒரு நாள் | சுமார் 1 லீற்றர் | 1.5 முதல் 2 யூனிட் | இல்லை |
| எண்ணெய்க் கப்பல் வராவிட்டால் | உடனே நிற்கும் | மின்வெட்டு நேரம் நிற்கும் | ஓடும் |
| திருத்துகிறவர் | சந்திக்குச் சந்தி | பட்டணத்தில் தாராளம் | அரிது |
| வேறு கிணற்றுக்குக் கொண்டுபோக | எளிது | கம்பி உள்ள இடத்துக்கு மட்டும் | முடியாது |
| கிணற்றுக்கு ஆபத்து | எண்ணெய் சிந்துதல் | அளவோடு இறைத்தால் குறைவு | அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு |

## அப்போ எதை எடுக்கலாம்

கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தெரிவு கிடையாது. சின்னப் படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான் வேண்டும், அதை மாற்றுவது எளிதில்லை. தோட்டக்காரருக்கு வழி இருக்கிறது. நாங்கள் மாறினால் வரிசையில் எங்கள் கான் அளவுக்காவது அவர்களுக்கு மிச்சம் என்றும் நான் நினைப்பதுண்டு.

சொந்தக் காணியும் பக்கத்தில் கம்பியும் இருந்தால் கரண்ட் மோட்டரை முதன்மையாக வையுங்கள். பழைய மண்ணெண்ணெய் மெசினை இரும்புக்குப் போடாதீர்கள். ரிங் மாற்றி, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி, பத்து லீற்றர் எண்ணெயைப் பாதுகாப்பாக மூடி வையுங்கள். பத்து நாள் மின்வெட்டைத் தாண்ட அது போதும். ஒன்றை மட்டும் நம்பி இருக்கிற தோட்டம்தான் 2022இல் காய்ந்தது.

கம்பி இல்லாவிட்டால், வருடம் முழுக்க இறைக்கிறவர் சோலாருக்கும், ஒரு போகக்காரர் மண்ணெண்ணெய்க்கும் போகலாம். கடன் எடுத்துத்தான் சோலார் பூட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் அது இலாபத்தைத் தின்றுவிடும்.

உரும்பிராய்த் தம்பிக்கு நான் சொன்னது இது. கம்பி உங்கள் வேலியோடு போகிறது, மோட்டர் வாங்குங்கள், தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். அப்பாவின் மெசினைத் திருத்திக் கொட்டிலில் வையுங்கள். சோலாரை இந்த வருடம் விடுங்கள். ஆவணி முடிவில் கிணற்றில் கயிறு விட்டு நீர் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து சுவரில் குறித்து வையுங்கள், ஒரு வாய் குடித்தும் பாருங்கள். அடுத்த ஆவணியிலும் அதே குறியில், அதே ருசியில் நின்றால் பனல் பற்றிப் பேசலாம்.